பேச்சிக்குக் கண் திறந்தவன்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால்தான் ஊரில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். லாட்ஜ்காரன் போர்வைகளை உதறுவான், பழக்கடைக்காரன் ரம்புட்டானை அடுக்குவான், உச்சிமாகாளி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எண்ணெய்ப் புட்டியோடு மெயின் அருவிப் பக்கம் போய் நிற்பான். அவன் ஓவியன். அப்படி அவன்தான் சொல்லிக்கொண்டான். அருவிக்கரையில் அவனுக்கு 'ஆயில்' என்றுதான் பெயர். வெளியூர்களிலிருந்து வருகிற தொப்பைகளைக் கல்லில் உட்காரவைத்து, உச்சந்தலையில் எண்ணெயைத் தட்டி, முதுகைப் பிசைந்துவிடுவது வேலை. பிசைகிற நேரத்திலும் புத்தி சும்மா இருக்காது. இந்த ஆளுக்குத் தோள் எலும்பு எங்கே இறங்குகிறது, இவருக்குப் பிடரிச் சதை எப்படி மடிகிறது என்று பார்த்துக்கொண்டே தேய்ப்பான். சில சமயம் பாதியில் கை நின்றுவிடும். "ஏம்ப்பா, தூங்கிட்டியா?" என்று தொப்பை அதட்டும்.

பிழைக்கத் தெரியாதவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். அது சரியில்லை. பிழைக்கத் தெரியும், அதில் அக்கறைதான் இல்லை. சாயங்காலம் அரிசி வாங்கப் போகிறவன் பெயிண்ட் டியூபோடு திரும்பி வருவான். வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டுக் கையை அலசுவான். பிசுக்குப் போகாது. பேப்பரில் கையை வைத்தால் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை ஊறி நிற்கும். அந்தக் கறையையும் ஒரு நிழலாக மாற்றிப் படத்துக்குள் சேர்த்துவிடுகிற சாமர்த்தியம் அவனுக்கு இருந்தது. என்ன சாமர்த்தியம் இருந்து என்ன, ஒரு படமும் விற்கவில்லை.

இந்த மனுஷனை நம்பி ஒருத்தி வந்தாள். அவள் பெயர் பெர்சிஸ். தென்காசியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற ஜெபஸ்டினின் தங்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். அந்த வகுப்பறைச் சுவரில் நல்ல மேய்ப்பன் படம் வரைய உச்சிமாகாளியைக் கூப்பிட்டிருந்தார்கள். மேய்ப்பனை எல்லோரும் வரைகிற மாதிரிதான் வரைந்தான். ஆடுகளில்தான் குசும்பைக் காட்டினான். சபையில் பெரிய மனுஷர்கள் என்று திரிகிறவர்களின் சாயலை ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒன்றாக வைத்துவிட்டான். ஒருவருக்கும் தெரியவில்லை. பெர்சிஸ் மட்டும் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இந்தக் கொம்பு வச்ச ஆடு எங்க அண்ணன்தானே?" என்றாள். அவன் ஏணியிலிருந்து விழப் பார்த்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் நடந்தது. ஓர் ஆவணி முகூர்த்தத்தில் இலஞ்சிக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். "எங்க வீட்டைப் பொறுத்த மட்டுல நீ செத்துட்டே," என்று ஜெபஸ்டின் போனில் சொல்லிவிட்டுத் துண்டித்தான். மேலகரத்துக்குப் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை கிடைத்தது. சீசனில் பெர்சிஸ் ஒரு லாட்ஜில் விரிப்புத் துவைக்கப் போனாள். பாட்டுச் சொல்லிக்கொடுத்த பெண், ஊரான் படுத்தெழுந்த விரிப்பை அடித்துத் துவைத்தாள். அதைப் பற்றி ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. அவளுக்கு அவன் மேல் அப்படி ஒரு பைத்தியம். அவனுக்கும் அவள் மேல் பைத்தியம்தான். ஆனால் அவன் பைத்தியம் அவள் முகத்தில் போய் மாட்டிக்கொண்டுவிட்டது.

பெர்சிஸுக்கு இடது இமை கொஞ்சம் மந்தம். சிரித்தாலும் கோபப்பட்டாலும் வலது கண் முதலில் வரும், இடது கண் ஒரு நொடி பிந்தி வந்து சேரும். அந்த ஒரு நொடியைத்தான் அவனால் பிடிக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை வரைந்துகொண்டே இருந்தான். நெற்றி வரும், மூக்கு வரும், உதட்டோரத்தில் அவள் அடக்கி வைக்கிற கேலி கூட வந்துவிடும். கண்ணிடம் வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிடுவான். அந்த அறைச் சுவர் முழுக்கக் கண்ணில்லாத பெர்சிஸ்கள் சாய்ந்து நின்றார்கள்.

"ஆர்ட்டிஸ்ட் சார், ஒரு நாளாவது என்னை முழிக்க விடுங்க," என்று அவள் கேலி செய்வாள்.

"பொறுட்டி. தப்பா வரைஞ்சா அது நீ இல்லல்லா."

இப்படி இருக்கும்போதுதான் பேச்சியம்மன் வேலை வந்தது. ஊருக்கு வெளியே வயக்காட்டு ஓரத்தில் இருக்கிற கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கமிட்டித் தலைவர் மணிமுத்து போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவர்; வேலை போனாலும் அதட்டல் போகவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏந்தி நிற்கிற பேச்சியை ஆளுயரத்துக்கு மேல் சிமெண்டில் எழுப்ப ஏற்பாடு. உடம்பைக் கொத்தனார்கள் கட்டினார்கள். முகத்தையும் வர்ணத்தையும் உச்சிமாகாளியிடம் விட்டார்கள். அவன் திறமையைப் பார்த்து விடவில்லை. மலிவாக வருவான் என்று விட்டார்கள்.

மலிவாக வந்தவன், சாரம் ஏறியவன் ஏறியவன்தான். கமிட்டி ஒரு வாரத்து வேலை என்று நினைத்தது, அவனுக்குப் பங்குனியில் தொடங்கி ஆனி வரை இழுத்தது. வெள்ளைச் சிமெண்டைக் குழைத்துக் கன்னத்தை வைப்பான், பிடிக்காது, சுரண்டுவான். சீசன் தொடங்கி அருவியில் கூட்டம் அலைமோதியபோதும் எண்ணெய்ப் புட்டியைத் தொடவில்லை. பெர்சிஸ் வயிற்றில் பிள்ளையோடு லாட்ஜில் நின்று துவைத்துக்கொண்டிருந்தாள். பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் ரொம்பக் கம்மி, மாத்திரையை விடாதே, மாதுளை, பேரீச்சை எல்லாம் சாப்பிடு, ஓய்வாக இரு என்று சொல்லி அனுப்பினாள். மாதுளை வாங்கப் போன உச்சிமாகாளி ஒரு சிவப்பு டியூபோடு வந்து நின்றான்.

"பேச்சி நாக்குக்கு வேணும். இந்தச் சிவப்பு மறுபடி கெடைக்காதுட்டி," என்றான் தலையைச் சொறிந்துகொண்டு.

"மாதுளை மாதிரிதான் இருக்கு," என்று வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிக்கிற விஷயமா அது? அந்த டியூபை அவன் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். அவள் அதைப் பத்திரமாக மாடத்தில் வைத்தாள்.

முகம் முடிந்தது. கண் மட்டும் பாக்கி. சாமி சிலையில் கண் எப்போதும் கடைசி. குறித்த நாளில், குறித்த வேளையில், திரை கட்டி மறைத்துக்கொண்டு வரைகிறவன் மட்டும் உள்ளே இருந்து கண் திறக்க வேண்டும். திறந்ததும் சாமி முதலில் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும். பிறகு பசுவையும் கன்றையும் பார்க்கும். அதற்குப் பிறகுதான் மனுஷர்களைப் பார்க்கும். கண் திறக்கிறவன் சுத்தமாக இருக்க வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்காரனும் பிள்ளை பிறந்த வீட்டுக்காரனும் கை வைக்கக் கூடாது, தீட்டு. காப்புக் கட்டிக்கொண்டவனைத் தீட்டு ஒட்டாது என்று ஒரு சலுகை இல்லாமல் இல்லை. ஆனால் காப்பு, கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பத்து ஆண்களுக்குத்தான். உச்சிமாகாளி கூலிக்கு வந்தவன். அவன் கையில் ஒரு முழம் மஞ்சள் கயிற்றைக் கட்ட அந்தப் பெரிய மனுஷர்களுக்கு மனசு வரவில்லை.

"ஏலே உச்சி, வீட்ல மாசமா இருக்காளாமே?" என்று முந்தின நாள் சாயங்காலம் மணிமுத்து கேட்டார்.

"டாக்டர் அடுத்த மாசம்னு சொல்லியிருக்காங்க அண்ணாச்சி."

"பிள்ளைக்கு டாக்டர் சொல்லுதது கேக்குமாலே? நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கண்ணு. அதுக்கு முந்திப் பிறந்துட்டுன்னா நீ இந்தப் பக்கம் தலை காட்டப்படாது. சங்கரன்கோயில்காரனை வரச் சொல்லியிருக்கேன், அவன் தொறந்துருவான்."

அந்தச் சங்கரன்கோயில்காரனை உச்சிமாகாளிக்குத் தெரியும். எந்தச் சாமியானாலும் ஒரே கண்: காலண்டர்க் கண், முட்டை மாதிரி உருட்டி, நடுவில் கரும்புள்ளி வைத்து, ஓரத்தில் மீன் வாலாக இழுத்துவிடுவான். ஜனங்களுக்கும் அதுதான் பிடிக்கும். பேச்சியின் முகம் பெர்சிஸின் முகம். ஒருவரிடமும் சொல்லவில்லை, ஆனால் சாரத்தில் ஏறிய நாளிலிருந்து அவன் கட்டியது அவளைத்தான். இந்த ஒரு கண்ணுக்காகவே சுவரில் இருக்கிற எல்லாக் கண்ணையும் பாக்கி வைத்திருந்ததாக அவனுக்குத் தோன்றியது. அந்த முகத்தில் இன்னொருத்தன் வந்து முட்டைக் கண்ணை ஒட்டுவதா?

வீட்டுக்கு வந்து பெர்சிஸிடம் சொன்னான்.

"எங்க சபையில தீட்டெல்லாம் கெடையாது. பிள்ளை பிறந்தா ஸ்தோத்திரம்தான்," என்றாள். பிறகு அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "சரி சரி, நாளைக்குப் பிறக்க மாட்டா. நான் சொல்லி வைக்கேன்," என்று வயிற்றைத் தட்டினாள்.

அவன் மனசுக்குள் வேண்டிக்கொண்டான். உலகத்தில் எந்தத் தகப்பனும் வேண்டாத வேண்டுதல்: பிறந்துவிடாதே. பேச்சியிடமே வேண்டினான். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் காக்கிற சாமியிடம்.

விடியும்போது சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. உச்சிமாகாளி குளித்து, வேட்டி மாற்றி, தூரிகைகளைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது பெர்சிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் தரை நனைந்திருந்தது.

"என்னட்டி தண்ணி?"

"குடம் சாஞ்சிட்டு. பாத்துப் போங்க, வழுக்கும்."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். வலது கண் அவனைப் போ என்றது. இடது கண், எப்போதும் போல ஒரு நொடி பிந்தி வந்து, போகாதே என்றது. இத்தனை வருஷமாகத் தேடியது அங்கே நின்றது. பல்லைக் கடித்து வலியை மறைத்துக்கொண்டு, மறைக்கிறோம் என்பதே தெரியாமல் சிரிக்கப் பார்க்கிற முகத்தில் அந்த இரண்டு கண்ணும் முழுசாக இருந்தன. கிடைத்துவிட்டது. ஆமாம், அவனுக்கு முதலில் தோன்றியது அதுதான். பெண்டாட்டிக்கு என்ன ஆயிற்று என்று தோன்றவில்லை, கண் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. பாவி.

இரண்டாவதாகத்தான் மூலையைப் பார்த்தான். குடம் நிமிர்ந்து நின்றது. கழுத்து வரை தண்ணீர், மேலே தட்டு மூடி, தட்டின் மேல் டம்ளர். இரவு வைத்தது வைத்தபடி இருந்தது. தரையைப் பார்த்தான். தண்ணீருக்கு ஒரு நிறம் இருந்தது. வெள்ளையில் ஒரு பொட்டுச் சிவப்பைக் கரைத்தால் வருகிற நிறம். ஒரு பச்சையிலிருந்து இன்னொரு பச்சையைப் பிரித்துச் சொல்கிறவனுக்கு இது தெரியாதா? தெரிந்தது.

வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயந்தான். கேட்கவில்லை.

"அப்ப வாரேன்," என்றான்.

"போயிட்டு வாங்க ஆர்ட்டிஸ்ட் சார். என்னை நல்லா முழிக்க வச்சிட்டு வாங்க." வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "இவ பத்து மணி வரைக்கும் சமத்தா இருப்பா. பொறவு ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம், என்ன?"

யார் முகத்தைக் கட்டினான் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவன் ஈரத்தை மிதிக்காமல் எட்டிக் கால் வைத்தான். அப்படியும் குதிங்கால் பட்டுவிட்டது. வெளியே வந்ததும் உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பெர்சிஸ் பகலில் தாழ்ப்பாள் போடுகிறவள் இல்லை.

குழாயடியில் பக்கத்து வீட்டு நூருன்னிசா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் காஜா ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டி அங்கேயே வாசலில் நின்றது. "பெர்சி எந்திச்சிட்டாளா அண்ணே? டீ கொண்டு போயிக் குடுக்கட்டா?" என்று கேட்டாள்.

உச்சிமாகாளி நின்றான். ஒரு வார்த்தை போதும். ஆட்டோ நிற்கிறது, காஜா உள்ளே இருக்கிறான், ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளை பிறக்கும். பிறந்தால் தீட்டு.

"அசந்து தூங்குதா," என்றான். "எழுப்பாதீங்க."

சொல்லிவிட்டு நடந்தான். போகிற வழியெல்லாம் அந்த இரண்டு கண்ணையும் தளும்பாமல் எடுத்துக்கொண்டு போனான்.

கோயிலில் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். சங்கரன்கோயில்காரன் ஒரு தூணோரம் டீ குடித்தபடி இருந்தான். மணிமுத்து உச்சிமாகாளியை மேலும் கீழும் பார்த்து, "வீட்ல ஒண்ணும் இல்லைலா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"செல்லை அமத்தி இங்கன குடு."

கொடுத்துவிட்டுத் திரைக்குள் ஏறினான். மேளம் முழங்கியது. பேச்சியின் முகத்துக்கு நேராக அவன் முகம். தூரிகையைத் தொட்டு எடுத்தான். அதற்குப் பிறகு உச்சிமாகாளி என்று ஒருவன் அங்கே இல்லை, கைதான் இருந்தது. வலது கண்ணுக்குப் போ என்று ஒரு கோடு. இடது இமையைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்த ஒரு நொடியை உள்ளே வைத்துப் போகாதே என்று ஒரு கோடு. அவன் கை ஒரு தடவை கூடத் தயங்கவில்லை, ஒரு கோட்டைக் கூடத் துடைக்கவில்லை. அவ்வளவு நேரமும் பெர்சிஸை அவன் நினைக்கவே இல்லை. அவள் கண்ணை வரைகிறான், அவளை நினைக்கவில்லை. அவன் வாழ்நாளில் அதைப் போல் சந்தோஷமான நேரம் இருந்ததில்லை. அதைச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் அதுதான் நிஜம்.

கண்ணாடி காட்டினார்கள், பசுவைக் காட்டினார்கள், திரையை இழுத்தார்கள். குலவையிட வாயில் கை வைத்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மேளமும் தானாக நின்றது. பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பார்வை தெரியும். யாரோ ஒருத்தி "எம்மா" என்று வீறிட்டு அழுதாள். அதைக் கேட்டு இன்னொருத்தி அழுதாள். மணிமுத்து கூட வாயைத் திறந்தபடி நின்றார். "ஏலே, இது என்னலே, நம்மளைப் பாக்கா," என்றார். ஜனங்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். உச்சிமாகாளிக்குச் சால்வை போர்த்த ஆள் தேடினார்கள். சாரத்துக்குக் கீழே அவன் வேர்த்து விறுவிறுத்து நின்றான். சங்கரன்கோயில்காரனே வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் காஜா ஓடி வந்தான். சட்டையெல்லாம் கறை. அந்த நிறத்தை உச்சிமாகாளி பார்த்தான். காலையில் பார்த்ததை விடக் கெட்டியான சிவப்பு.

"அண்ணே, எத்தனை மட்டம் போன் அடிக்கது? கதவை ஒடைச்சித்தான் தூக்கிட்டுப் போனோம். ரத்தம் நிக்கவே இல்லண்ணே. பிள்ளையும் போயிட்டு, தாயும் போயிட்டா." சொல்லிவிட்டுக் காஜா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

முதலில் பேசியவர் மணிமுத்துதான். காஜா பக்கம் குனிந்தார். இத்தனை வருஷம் போலீஸில் இருந்தவர், கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார்.

"எப்பம்டே போச்சு? கண்ணு தொறக்கதுக்கு முந்தியா, பிந்தியா?"

உச்சிமாகாளி ஓடினான். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே பெர்சிஸ் இல்லை. தகவல் கேட்டு அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். உயிரோடு இருந்தவளைச் செத்துவிட்டாள் என்று சொன்ன ஜெபஸ்டின், செத்த பிறகு என் தங்கச்சி என்று வந்துவிட்டான். மாலை மாற்றியதற்கு உச்சிமாகாளியிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? சால்வை கூட வாங்காமல் ஓடி வந்தவன்.

எங்கெங்கோ அலைந்து சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். தாயும் பிள்ளையும் ஒரே பெட்டியில். நூருன்னிசா ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் அவள் அழுகை நின்றுபோயிற்று.

"எழுப்பாதீங்கன்னு சொன்னியளே அண்ணே," என்றாள். அதட்டவில்லை, கத்தவில்லை. புரியாமல் கேட்டாள். "வாசப்படி வரைக்கும் தண்ணி கெடந்துச்சே. அதுல உங்க கால்தடம் இருந்துச்சே. நான் அதைத் துடைச்சிட்டு வந்தேனே."

எல்லோருக்கும் கேட்டது. ஜெபஸ்டினுக்கும் கேட்டது. உச்சிமாகாளி பெட்டியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். "மச்சான், ஒரே ஒரு தடவை. மூஞ்சியை மட்டும் பாத்துக்கிடுதேன். கண்ணை மட்டும் பாத்துக்கிடுதேன்."

ஜெபஸ்டின் அவன் கையைப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு விரலாக விடுவித்தான்.

"காலையில பாத்தேல்லாலே. அது போதும்," என்றான்.

மண் தள்ளினார்கள். பாட்டுப் பாடினார்கள். பெர்சிஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு.

கோயிலில் தீட்டு என்று முடிவானது. முந்திதான் போயிருக்கிறாள் என்று மணிமுத்து விசாரித்து உறுதி செய்துவிட்டார். கும்பாபிஷேகத்தைத் தள்ளி வைத்தார்கள். கொத்தனார் ஒருவர் சாரத்தில் ஏறி உப்புத்தாள் வைத்துப் பேச்சியின் இரண்டு கண்ணையும் தேய்த்து எடுத்தார். மேலே வெள்ளை அடித்தார்கள். செல்போனில் படம் எடுத்தவர்களையெல்லாம் மணிமுத்து வரிசையில் நிறுத்தி, தீட்டுப் படம் வீட்டுக்கு ஆகாது என்று ஒவ்வொன்றாக அழிக்க வைத்தார். அவர் சொன்னால் அந்த ஊரில் மறுபேச்சு உண்டா? பேச்சி வெள்ளைக் கண்ணோடு, பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள். முகத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார்கள்.

உச்சிமாகாளி அறைக்குத் திரும்பினான். சுவர் முழுக்கக் கண்ணில்லாத பெர்சிஸ்கள். தூரிகையை எடுத்து ஒன்றின் முன்னால் உட்கார்ந்தான். இப்போது வரையலாம், கண்தான் கிடைத்துவிட்டதே. கண்ணை மூடி அந்தக் காலையைக் கூப்பிட்டான். குடம்தான் வந்தது. நிமிர்ந்த குடம், மூடிய தட்டு, மேலே டம்ளர். அதன் பக்கத்தில் நின்றவளின் முகம் வரவில்லை. மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் குடம். அவன் செல்போனில் அவள் படம் நிறைய இருந்தது. எல்லாம் போட்டோவுக்காகச் சிரித்தவை, இரண்டு கண்ணும் ஒன்றாக வந்து நிற்பவை. அவற்றில் அவள் இல்லை. குடத்தைத் தூக்கி வாசலில் போட்டு உடைத்தான். உடைந்த பிறகும் குடம்தான் வந்தது.

எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போனான். சீசன் இன்னும் முடியவில்லை. தொப்பைகள் காத்திருந்தன.

ஆவணியில் மணிமுத்து அங்கேயே வந்துவிட்டார். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு, அவன் தேய்த்துக்கொண்டிருந்த கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏலே உச்சி. தீட்டெல்லாம் கழிஞ்சிட்டுல்லா? சங்கரன்கோயில்காரனுக்குக் கால் முறிஞ்சி கெடக்கு. முகத்தைச் செஞ்சவன் நீ, நீயே வந்து தொறந்து விட்டுரு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த மாதிரிக் கண்ணு வேண்டாம்டே. பொம்பளைங்க பயந்துட்டாளுவ. நல்லா லட்சணமா, காலண்டர்ல இருக்க மாதிரி வச்சிரு. என்னா?"

வேறு யாராக இருந்தாலும் எண்ணெய்ப் புட்டியை அவர் மண்டையில் போட்டிருப்பான். உச்சிமாகாளி போனான். போகாமல் இருக்க முடியவில்லை. உலகத்தில் அந்தக் கண்ணை ஒரு தடவையாவது தாங்கிய பெர்சிஸின் முகம் மிச்சம் இருக்கிற இடம் அது ஒன்றுதான். அந்த முகத்துக்கு எதிரில் நின்றால் கண் திரும்பி வரும் என்று நம்பினான். வந்தால், மணிமுத்து என்ன சொன்னாலும் சரி, அதைத்தான் வைப்பது. தேய்த்தால் தேய்க்கட்டும்.

திரை கட்டினார்கள். மேளம் முழங்கியது. சாரத்தில் ஏறித் துணியை அவிழ்த்தான். வெள்ளைக் கண்ணோடு பெர்சிஸ் அவன் முன்னால் நின்றாள். தூரிகையைத் தொட்டு எடுத்தான். கை காத்திருந்தது. அவனும் காத்திருந்தான். குடம் வந்தது. தட்டு வந்தது. டம்ளர் வந்தது. "எழுப்பாதீங்க" என்று யாரோ சொன்னார்கள். வெளியே இருந்து மணிமுத்து, "ஏலே, நேரம் போவுது!" என்று அதட்டினார்.

கைக்குத் தெரிந்த கண் ஒன்று இருந்தது. எல்லோர் கைக்கும் தெரிந்த கண். முட்டையாக உருட்டினான். நடுவில் கரும்புள்ளி வைத்தான். ஓரத்தில் மீன் வாலாக இழுத்துவிட்டான். இரண்டு கண்ணும் ஒரே அளவு, ஒரே நேரத்தில் வந்தன. பெர்சிஸ் அந்த முகத்தை விட்டுப் போய்விட்டாள்.

திரையை இழுத்ததும் குலவை வானத்தைப் பிளந்தது. யாரும் அழவில்லை. "இப்பம்லா பேச்சி மாதிரி இருக்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நிறைமாதப் பெண் ஒருத்தியை அவள் மாமியார் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்து நிறுத்தினாள். "கும்பிட்டுக்கோ தாயி. கண்ணைப் பாரு, எப்படி முழிச்சிப் பாக்கான்னு. உன்னைப் பாத்துக்கிடுவா." அந்தப் பெண் கும்பிட்டாள்.

உச்சிமாகாளி தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். மணிமுத்து அவன் தோளில் சால்வையைப் போர்த்தி, முதுகில் தட்டினார். அவருக்கு அன்றைக்கு நல்ல சந்தோஷம்.

"ஏலே, இந்தக் கண்ணை அன்னைக்கே வேற யார்கிட்டயாவது விட்டிருந்தா ஒரு தொந்தரவும் இல்லல்லா?"

உச்சிமாகாளி பேச்சியை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா அண்ணாச்சி," என்றான்.

சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினான். சாயங்காலக் கூட்டம் வருகிற நேரம் அது.